1.6 கிலோமீட்டர் சாலைக்கு 64 லட்சம் ரூபாய்: கணக்கை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி – பேரையூர் வழி

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்திலிருந்து பேரையூர் செல்லும் வழியில், விலக்கில் பிரிந்து கண்மாய்க் கரையை ஒட்டி எங்கள் ஊருக்கு வரும் ஒன்றியச் சாலை, பல ஆண்டுகள் ஜல்லி பெயர்ந்து கிடந்த பிறகு, கடந்த பங்குனியில் புதிதாகப் போடப்பட்டது. விலக்கில் நட்டிருக்கும் பலகையில் நீளம் 1.6 கி.மீ., அகலம் 3.75 மீ., மதிப்பீடு 64 லட்சம் ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். ஐப்பசியில் இரண்டு மழை பெய்து ஓய்ந்ததும், கண்மாயின் மறுகால் தண்ணீர் சாலையைக் கடக்கும் இடத்தை ஒட்டி ஏறத்தாழ 400 மீட்டர் தூரத்துக்குச் சாலை நீளவாக்கில் வெடித்து, ஒரு பக்கம் உள்வாங்கிவிட்டது. மற்ற பகுதி இதுவரை நன்றாகவே இருக்கிறது.

பெயர்ந்து கிடந்த ஒரு துண்டைக் கையில் எடுத்து, என் மகளின் அடிக்கோலை வைத்து அளந்து பார்த்தேன். தார் 2 சென்டிமீட்டர்தான் இருந்தது. "64 லட்சத்துக்கு ஒரு விரற்கடை தாரா?" என்று டீக்கடையில் தினமும் பேச்சு நடக்கிறது, பாதிப் பணம் கைமாறிவிட்டது என்பது ஊரார் தீர்ப்பு. எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தில் 10,000 கி.மீ. சாலைக்கு 4,000 கோடி ரூபாய் என்றார்கள். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 40 லட்சம் வருகிறது, எங்கள் பலகையிலும் அதே கணக்குதான் இருக்கிறது. அப்படியானால் தொகை அதிகமில்லை என்று கொள்வதா, அல்லது தொகை சரியாக இருந்து வேலை குறைந்துவிட்டது என்று கொள்வதா? எந்தக் காகிதத்தைப் பார்த்தால் இது தெரியும்? விவரம் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் – ஓய்வுபெற்ற பொறியாளர், திருநகர்

ஐயா, தாரின் கனத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். கிராமச் சாலைகளில் பெரும்பாலும் போடப்படுவது 20 மி.மீ. தார்க்கலவை விரிப்பும் அதன்மேல் சீல் கோட் எனப்படும் மெல்லிய மேற்பூச்சும்தான். எனவே நீங்கள் அளந்த 2 சென்டிமீட்டர், குறைவில்லாத அளவாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. உங்கள் சாலையின் பரப்பு 1,600 மீட்டரை 3.75 ஆல் பெருக்கினால் 6,000 சதுர மீட்டர். தரநிலைப்படி இவ்விரிப்புக்கு 10 சதுர மீட்டருக்கு 14.6 கிலோ தாரும், மணல் சேர்த்த சீல் கோட்டுக்கு 6.8 கிலோவும் வேண்டும். மொத்தம் 12,840 கிலோ, அதாவது பதின்மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவு. டன் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆறரை லட்சத்தைத் தாண்டாது. ஊரே உற்றுப் பார்க்கும் கறுப்புப் படலத்தில் இருக்கும் தாரின் விலை, பலகையில் உள்ள தொகையில் பத்தில் ஒரு பங்குதான் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

மீதி எங்கே என்று கேட்பீர்கள். மதிப்பீட்டுத் தொகைக்குள் ஜி.எஸ்.டி. அடங்கியிருந்தால், 2022 ஜூலை 18 முதல் அரசு ஒப்பந்தப் பணிகளுக்கு அது 18 விழுக்காடு. 64 லட்சத்தில் ஏறத்தாழ 9 லட்சத்து 76 ஆயிரம் வரியாகவே போய்விடும். எஞ்சிய 54 லட்சத்துச் சொச்சத்துக்குள் ஒப்பந்ததாரரின் மேற்செலவும் லாபமும் இருக்கின்றன. லாபம் என்று 10 விழுக்காடு விலை விகிதத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கும். அது களவு அல்ல, கணக்கில் காட்டிய கூலி. அதற்குப் பின் மிஞ்சுவதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கும் தாருக்கும் நடுவே கிடக்கும் கிராவலுக்கும் ஜல்லிக்கும் போகிறது. 75 மி.மீ. கனத்தில் இரண்டு ஜல்லிப் படலம் போட்டிருந்தால், உருட்டி இறுகுவதற்கு முன் ஏறத்தாழ 385 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஜல்லி இறங்கியிருக்க வேண்டும். நான்கு யூனிட் டிப்பர் என்றால் தொண்ணூற்றைந்து நடைக்கு மேல். குறைப்பதற்கு வசதியான இடமும் இதுவே, ஏனென்றால் மேலே தாரை விரித்துவிட்டால் அடியில் படலம் ஒன்றா இரண்டா என்பதைத் தோண்டாமல் அறிய முடியாது. வேலை நடந்தபோது வந்த நடைகளை உங்கள் ஊரில் யாராவது எண்ணினார்களா? டீக்கடை பெஞ்சுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது என்று நான் பணியில் இருந்தபோதே சொல்வேன், ஒருவரும் எண்ணியதில்லை.

உங்கள் விவரிப்பில் என் கண்ணில் பட்டது வேறு. சாலை முழுவதும் கெடவில்லை. மறுகால் கடக்கும் இடத்தில் மட்டும், அதுவும் நீளவாக்கில் வெடித்திருக்கிறது. பேரையூர்ப் பக்கம் முழுவதும் கரிசல். பங்குனியில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அந்த மண், ஐப்பசியில் நீரைக் குடித்து ஊதும், தை கழிந்ததும் மறுபடி சுருங்கும். நான்கு நாள் நீரில் ஊறவைத்து அதன் தாங்குதிறனைச் சோதிப்பார்கள், சி.பி.ஆர். எனப்படும் அந்த மதிப்பு 2 விழுக்காடு என்றால், இந்திய சாலைப் பேராயத்தின் கிராமச் சாலை வடிவமைப்பு நெறியில் அம்மண் கடைசித் தரத்தில் வைக்கப்படுகிறது. அங்கே செம்மண் கிராவலை இடையில் தடிப்பாகப் போட வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து மண்ணைக் கெட்டிப்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் ஒரு பக்கம் தேங்காமல் மறுபக்கம் போகக் குழாய்ப் பாலம் வேண்டும். மேலூர்ச் செம்மண்ணுக்கும் பேரையூர்க் கரிசலுக்கும் கிலோமீட்டருக்கு ஒரே தொகை என்பது சராசரிக் கணக்கு. சராசரியில் சாலை நிற்காது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: ஒன்று, தொழில்நுட்ப ஒப்புதல் பெற்ற விரிவான மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு இருந்தால் அதுவும், மற்றொன்று, நாங்கள் எம் புக் என்று சொல்லும் அளவுப் புத்தகம். எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை எந்தப் படலம் எவ்வளவு கனம் போடப்பட்டது என்பதைப் பொறியாளர் கையால் எழுதி, மேலதிகாரி மேலளவை, அதாவது சரிபார்ப்பு அளவு, செய்து கையொப்பமிட்ட பிறகே ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் (பில்) தொகை விடுவிக்கப்படும். பலகையை விட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைப் படியுங்கள்.


பதில் – சிறு ஒப்பந்ததாரர், உசிலம்பட்டி

எங்கள் தரப்பிலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஐயா சொன்ன 10 விழுக்காடு லாபம் ஏட்டில் இருப்பது. போட்டி மிகுந்த பணிகளில் மதிப்பீட்டைவிடப் பத்து, பன்னிரண்டு விழுக்காடு குறைத்துக் கோரினால்தான் வேலை கிடைக்கும். அப்போதே அந்த லாபம் தீர்ந்துவிடுகிறது, கூடுதல் பாதுகாப்புத் தொகை வேறு கட்ட வேண்டும். பட்டியல் தொகை வரும்போது வருமான வரிக்கு 1 அல்லது 2 விழுக்காடு, ஜி.எஸ்.டி.க்கு முன்கூட்டியே 2, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கு 1 என்று பிடித்தம் போகிறது. தாருக்குக் கட்டிய 18 விழுக்காட்டை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வராததால் அதற்குக் கட்டிய வரி திரும்பாது. சாலை வேலையில் ரோலர் முதல் டிப்பர் வரை எல்லாமே டீசல்தான் குடிக்கிறது. தார் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதம் இருமுறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் மாற்றுகின்றன. எனக்குக் கிடைத்த சிறு பணிகள் எதிலும் அந்த ஏற்றத்துக்கு ஈடு கொடுக்கும் நிபந்தனை இருந்ததில்லை.

இதைச் சொல்வதால் குறைந்த வேலை செய்வதை நியாயப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். குறைத்துக் கோரியவர் அந்தக் குறையை எங்காவது ஈடுகட்டுவார் என்பது அவருக்கும் தெரியும், பட்டியலில் கையொப்பமிடுபவருக்கும் தெரியும். எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஓரப் புருவத்தில். அதாவது தாருக்கு இருபுறமும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் போட வேண்டிய கிராவலில். தாரைப் பார்ப்பவர்கள் புருவத்தைப் பார்ப்பதில்லை. புருவம் இல்லாத இடத்தில் எதிரே வரும் டிராக்டருக்கு ஒதுங்கும் ஒவ்வொரு வண்டியும் தாரின் விளிம்பை உடைத்துக்கொண்டே போகும்.

அடுத்தது கலவையின் சூடு. வி.ஜி. 30 வகைத் தார் என்றால், கலவை ஆலையிலிருந்து 150 முதல் 165 டிகிரியில் வெளியேறி, 140க்குக் குறையாமல் விரிக்கப்பட்டு, 90க்குக் கீழே இறங்குவதற்குள் உருட்டி முடிக்கப்பட வேண்டும். தார்ப்பாய் மூடாமல் தூரத்திலிருந்து வந்த கலவையை, பழுதான ரோலருக்காக ஒரு மணி நேரம் காக்கவைத்து விரித்தால் தார் சரியான அளவில் இருந்தும் ஜல்லி பிடிக்காது. ஆனால் அப்படிக் கெட்டால் பொரிபொரியாக உதிரும், நீளவாக்கில் வெடிக்காது. பொறியாளர் ஐயா சொன்ன கரிசல்தான் காரணம் என்று எனக்கும் படுகிறது.


பதில் – வில்லாபுரம் வாசி

நகரத்துக்குள்ளும் இதே கதைதான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தியிருந்தும், எங்கள் தெருவில் அப்படியே மேலே விரித்துவிட்டுப் போனார்கள். என் வீட்டு வாசற்படி மூன்றில் இப்போது ஒன்றுதான் மிச்சம். சுரண்டியதாகவும் அளவுப் புத்தகத்தில் எழுதியிருப்பார்களோ என்ற எண்ணம் இதைப் படித்த பிறகே வருகிறது. கேட்டுப் பார்க்கிறேன்.


பதில் – முன்னாள் வார்டு உறுப்பினர், மேலூர்

2019 தேர்தலில் வென்று ஐந்தாண்டுகள் வார்டு உறுப்பினராக இருந்தபோது இரண்டு சாலைகளின் கோப்புகளை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யும்போது எல்லாரும் நகல் கேட்கிறார்கள். நகல் மட்டும் கேட்காதீர்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, ஆவணங்களை நேரில் பார்வையிடவும், பணி நடந்த இடத்தை ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை அளிக்கிறது. மூன்றையும் ஒரே மனுவில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

நான் பார்வையிடச் சென்ற நாளில் ஒரு மேசையின் ஓரத்தில் உட்காரவைத்து, "அம்மா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று சொல்லியே புத்தகத்தைக் கொடுத்தார்கள். புரியாத எதுவும் அதில் இல்லை. மீட்டர் கணக்கு ஒரு பத்தி. நீளம், அகலம், கனம், கன அளவு அடுத்தடுத்த பத்திகள். நான் செய்தது ஒன்றுதான்: முந்தைய நாள் மாலை என் மகனுடன் சாலையில் நடந்து, கோயில் எத்தனையாவது மீட்டர், பள்ளிக்கூடம் எத்தனையாவது மீட்டர், வாய்க்கால் எத்தனையாவது மீட்டர் என்று நாடாவில் அளந்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனேன். 700ஆவது மீட்டர் என்று எழுதியிருந்தால் அது மாரியம்மன் கோயில் முன்பு என்று எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு பேச்சின் தொனி மாறியது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலை போட்ட பிறகு கேட்பதைவிடப் போடுவதற்கு முன் கேட்பது எளிது. 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு 15 நாள்களும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள்களும் குறையாமல் அவகாசம் தரவேண்டும். மாநில அரசின் மின்-ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் அறிவிப்போடு அளவுப் பட்டியலும் கிடைக்கும்; அதைத் தரவிறக்கிப் பார்த்தால் பாலம் உண்டா, கிராவல் எத்தனை கன மீட்டர் என்பது வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். அந்தப் பதினைந்து நாள்களில் கேள்வி கேட்டவர் ஒருவரையும் எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. நானும் கேட்கவில்லை, அப்போது எனக்கே தெரியாது.


மறுமொழி – பேரையூர் வழி

மூன்று மாதங்களுக்குப் பின் எழுதுகிறேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மனு அனுப்பி, 30 நாள் கழிந்து, முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு, தை மாதத்தில்தான் அலுவலகத்தில் கோப்பைப் பார்க்க முடிந்தது. அம்மா சொன்னபடி முந்தைய நாளே நாடாவைப் பிடித்து நடந்துவிட்டேன். விரிசல் 900ஆவது மீட்டரில் தொடங்கி 1,300இல் முடிகிறது. மறுகால் கடப்பது 1,040இல்.

முதலில் தயாரித்த மதிப்பீட்டில் 1,040ஆவது மீட்டரில் ஒன்றும் 1,210ஆவது மீட்டரில் ஒன்றுமாக இரண்டு குழாய்ப் பாலங்களும், அந்த 400 மீட்டருக்கு மட்டும் கூடுதல் கிராவல் படலமும் இருக்கின்றன. மண் சோதனை முடிவும் கோப்பில் இருக்கிறது, சி.பி.ஆர். 2 என்றே குறித்திருக்கிறார்கள். அடுத்த தாளில் திருத்திய மதிப்பீடு. தொகை அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் அடங்க வேண்டும் என்ற ஒற்றை வரியோடு இரண்டு பாலங்களும் கூடுதல் கிராவலும் நீக்கப்பட்டிருக்கின்றன. நீக்கியவரின் கையொப்பம், தேதி, ஒப்புதல் எல்லாம் முறையாக இருக்கின்றன. இந்தத் திருத்தத்தில் சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் நடக்கவில்லை. எங்கள் ஊர்ச் சாலை உடையப் போவது, அது போடப்படுவதற்கு முன்பே காகிதத்தில் முடிவாகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மிச்சப்படுத்திய தொகையைவிட அந்த 400 மீட்டரை மறுபடி தோண்டிப் போடுவதற்கு அதிகம் ஆகும் என்பதைக் கணக்கிடப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை.

ஜல்லி இரண்டு படலமும் எழுதப்பட்டிருக்கின்றன. பெயர்ந்த இடங்களில் நானே கடப்பாரையால் கிளறிப் பார்த்தேன். உண்மையாகவே இரண்டும் இருக்கின்றன. டீக்கடைத் தீர்ப்பு அந்த அளவுக்குத் தவறு என்பதை அங்கேயே போய்ச் சொன்னேன், யாரும் ரசிக்கவில்லை. ஆனால் உசிலம்பட்டி நண்பர் சொன்னது அப்படியே பலித்தது. ஓரப் புருவம் இருபுறமும் 1,600 மீட்டருக்கு, ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று 480 கன மீட்டர் எழுதிப் பணம் பெற்றிருக்கிறார்கள். தரையில் முதல் 600 மீட்டருக்கு மட்டுமே கிராவல் இருக்கிறது. 300 கன மீட்டர் குறைவு. பட்டியலில் கண்ட விலைப்படி ஒன்றரை லட்சம் ரூபாய். மேலளவைக் கையொப்பம் அந்தப் பக்கத்திலும் இருக்கிறது. புகைப்படங்களோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். மார்ச் 22 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்லியும் மனுக் கொடுத்துள்ளேன்.

இன்று எழுதுவதற்கு உடனடிக் காரணம் வேறு. கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊருக்கான சாலையின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வந்துவிட்டது. அளவுப் பட்டியலைத் தரவிறக்கிப் பார்த்தேன்; அதே கரிசல், இரண்டு வாய்க்கால்கள், ஆனால் பாலம் ஒன்றுகூட இல்லை. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்கள் இருக்கின்றன. மனுவை யாருக்கு, எப்படி எழுத வேண்டும்?


பதில் – ஓய்வுபெற்ற பொறியாளர், திருநகர்

ஒப்பந்தப்புள்ளியை அழைத்த அலுவலரின் பதவிப் பெயருக்கே எழுதி, மாவட்ட ஆட்சியருக்கு நகல் அனுப்புங்கள். குற்றச்சாட்டாக எழுத வேண்டாம். இரண்டு வாய்க்கால்களும் எத்தனையாவது மீட்டரில் சாலையைக் கடக்கின்றன என்பதை அளந்து குறிப்பிட்டு, ஐப்பசியில் தண்ணீர் சாலைமேல் எவ்வளவு உயரம் ஓடியது என்பதற்கு ஊராரிடம் இருக்கும் கைப்பேசிப் படங்களை இணைத்து, மண் சோதனை முடிவையும் பாலம் சேர்க்காததற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் ஊர்ச் சாலையின் திருத்திய மதிப்பீட்டின் நகல் கையில் இருக்குமே, அதையும் சேர்த்து வையுங்கள். அஞ்சலை நம்பாமல் நாளைக் காலையில் நேரில் போய்க் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.